பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு: படிவமும் கேஸ் ஷீட்டும் ஒன்றையே சொல்லட்டும்

மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு முதியவரிடமும் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சர்க்கரை, இரத்த அழுத்தம் ஏதாவது இருக்கிறதா ஐயா? எத்தனை வருடமாக?” சிகிச்சையைத் தீர்மானிக்க இந்தப் பதில் எங்களுக்கு வேண்டும். அவர் சொல்வதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரியை, சில நாள்களுக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலர் ஒருவரும் படிப்பார் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

அறுபத்தேழு வயதுப் பெரியவர் ஒருவர் நள்ளிரவில் நெஞ்சுவலியுடன் வந்தார். உடன் வந்த அவருடைய மனைவி, “சர்க்கரை பன்னிரண்டு வருஷமா இருக்கு டாக்டர். மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை” என்றார். பணியில் இருந்த மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். அடைப்பு நீக்கப்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது, பெரியவர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. பாலிசி எடுத்துப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. விண்ணப்பப் படிவத்தில் ‘நீரிழிவு உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் இருந்தது.

அந்தப் படிவத்தை நிரப்பியவர் பெங்களூரில் பணிபுரியும் மகன். தொலைபேசியில் பேசிய விற்பனையாளர், “கட்டுப்பாட்டில் இருந்தால் ‘இல்லை’ என்றே போடலாம்” என்று சொன்னாராம். மகன் எங்கள் அறைக்கு வந்து, “அந்தப் பன்னிரண்டு வருஷத்தை மட்டும் ஒரு வருஷம் என்று மாற்றி எழுத முடியுமா டாக்டர்?” என்று கேட்டபோது அவருடைய குரல் தழுதழுத்தது. எங்களால் முடியவில்லை. கேஸ் ஷீட் ஒரு சட்ட ஆவணம். அதில் பொய் எழுதுவது குற்றம். நகைகள் அடகுக்குப் போயின. பாலிசியும் ரத்தாயிற்று.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் உண்மையைச் சொல்லி பாலிசி எடுத்திருந்தாலும், பதினான்காம் மாதத்தில் அந்தச் செலவு முழுவதும் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பாலிசி உயிரோடு இருந்திருக்கும். காத்திருப்புக் காலம் முடியும்வரை கையில் ஒரு தொகை வைத்திருக்க வேண்டும் என்பதும் குடும்பத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். தந்தைக்கு நல்லது செய்ய நினைத்த மகனுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காமல் போனதுதான் எங்களை வருத்தியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

படிவத்தை நிரப்புவதற்கு முன்

எந்த நிறுவனம், எவ்வளவு பிரீமியம் என்று தேடத் தொடங்கும் முன், ஒரு மாலைப்பொழுதைப் பெற்றோருடன் செலவிடுங்கள். அவர்கள் விழுங்கும் மாத்திரைகளையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று கேளுங்கள். பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று இரத்த அழுத்தத்தையே சொல்லாமல் வைத்திருக்கும் தாய்மார்களையும், “அது லேசான அட்டாக்தான், ரெண்டு நாளில் அனுப்பிட்டாங்க” என்று பத்தாண்டுக்கு முந்தைய மாரடைப்பை மறந்துவிட்ட தந்தையரையும் நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம்.

இதில் பொதுவாக நேரும் தவறு ஒன்று. “மாத்திரை போட்டால் சர்க்கரை நார்மலாக இருக்கிறது, அதனால் எனக்குச் சர்க்கரை இல்லை” என்பது பலருடைய எண்ணம். மாத்திரையால் கட்டுப்படுவது நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. நோய் இருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். தைராய்டு, கொழுப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சித்த, ஆயுர்வேத மருந்து மட்டுமே எடுத்துக்கொள்பவர்களும் தம் நோயைக் குறிப்பிட வேண்டும்.

பிறகு, முதன்முதலில் நோய் கண்டறியப்பட்ட நாளின் மருந்துச் சீட்டையோ பரிசோதனை அறிக்கையையோ தேடி எடுத்து ஓர் உறையில் இடுங்கள். அந்தத் தாளுக்குப் பிற்காலத்தில் பெரிய மதிப்பு உண்டு. முதியவர்கள் ஆண்டுக் கணக்கை ஊகமாகவே சொல்வார்கள். உண்மையில் நான்கு ஆண்டுகளாக உள்ள நோயை, “அது இருக்கும், பத்துப் பன்னிரண்டு வருஷம்” என்று அவசரப் பிரிவில் சொல்லிவிடுவார்கள். நாங்களும் அதை எழுதிவிடுவோம். பழைய சீட்டு கையில் இருந்தால் தொடக்கத்திலேயே சரியான கணக்கு பதிவாகும். தவறாகப் பதிவானதைக்கூட, சான்று காட்டினால், தேதியும் கையொப்பமும் இட்டுத் திருத்த இயலும். சான்று இல்லாமல் எதையும் மாற்ற இயலாது.

படிவத்தை முகவரிடமோ தொலைபேசி விற்பனையாளரிடமோ விட்டுவிடாதீர்கள். அவர் நிரப்பினாலும், அனுப்பும் முன் ஒவ்வொரு பதிலையும் நீங்களே படியுங்கள். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்வதும் கையொப்பம் இடுவதும் ஒன்றுதான்.

உண்மையைச் சொன்னால் மறுத்துவிட மாட்டார்களா?

இக்கேள்வியைக் கேட்காதவர் இல்லை. நியாயமான அச்சம்தான். நோய்களைக் குறிப்பிட்டால் நிறுவனம் மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், சில நோய்களுக்கு மறுக்கவும் செய்யலாம். ஆனால் ஒரு நிறுவனம் மறுத்ததை மற்றொன்று ஏற்பது உண்டு. கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு பாலிசி கிடைக்கவே செய்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிய பாலிசி இல்லை என்று மறுத்துவந்த நிலையும் மாறிவிட்டது. 2024 ஏப்ரல் முதல், எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதி.

‘ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் எதை மறைத்திருந்தாலும் கேட்க முடியாதாமே’ என்று சிலர் கேட்கின்றனர். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தபின், விவரம் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் கோரிக்கையை மறுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மோசடி என்று நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலும், எழுபது வயதுத் தந்தையின் இதயம் அறுபது மாதங்கள் பொறுத்திருக்கும் என்று யாரால் உறுதி கூற முடியும்?

காத்திருப்புக் காலம்: மூன்று கடிகாரங்கள்

பாலிசி எடுத்த நாளிலிருந்து மூன்று கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன.

முதலாவது 30 நாள்கள். விபத்து தவிர வேறு எந்த நோய்க்கும் இக்காலத்தில் பணம் கிடைக்காது.

இரண்டாவது, பட்டியலிடப்பட்ட நோய்களுக்கானது. பெரும்பாலும் 24 மாதங்கள். கண்புரை, மூட்டு மாற்று, குடலிறக்கம், புராஸ்டேட் வீக்கம், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் ஆகியவை இதில் அடங்கும். முதியோருக்கு அதிகமாக நடக்கும் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் இவையே என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கானது. முன்னர் 48 மாதங்கள் வரை இருந்த இந்தக் காலம், 2024 முதல் 36 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது என்று குறைக்கப்பட்டுள்ளது. கூடுதல் பிரீமியம் பெற்று இக்காலத்தைக் குறைக்கும் பாலிசிகளும் உண்டு.

எனவே, தந்தைக்கு அறுபது வயதாகும்போது எடுக்கும் பாலிசி, அவருக்கு அறுபத்து மூன்று வயதாகும்போதுதான் முழுமையாகப் பயன்தரும். ‘மூட்டு வலிக்கிறது, அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள், இப்போது எந்த பாலிசி எடுக்கலாம்?’ என்று கேட்பவர்களுக்கு எங்களால் நல்ல பதில் தர இயல்வதில்லை.

வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால், பழைய பாலிசியை முடியவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். ‘போர்ட்டபிலிட்டி’ முறையில் மாறினால், ஏற்கெனவே கடந்த காத்திருப்பு மாதங்கள், பழைய காப்பீட்டுத் தொகையின் அளவுக்குக் கணக்கில் சேரும். புதுப்பிக்கும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே இதைத் தொடங்குவது நல்லது. புதுப்பிக்க மறந்தால் கடிகாரங்கள் மறுபடியும் தொடக்கத்துக்கே போகும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதை நம்பியிருக்க வேண்டாம்.

பிரீமியத்தைப் பார்க்கும் கண்ணால் கழிவுகளையும் பாருங்கள்

இரண்டு பாலிசிகளில் ஒன்றின் பிரீமியம் மிகக் குறைவாக இருந்தால், அதன் காரணம் எங்கோ உள்ளே எழுதப்பட்டிருக்கும். முதியோர் பாலிசிகளில் இரண்டு இடங்களைத் தேடுங்கள்: அறை வாடகை வரம்பு, ‘கோ-பே’ எனப்படும், ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காப்பீட்டுத் தொகை ரூ.5 இலட்சம். அறை வாடகை வரம்பு அதில் 1 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு ரூ.5,000. கோ-பே 20 விழுக்காடு. அம்மா வசதியாக இருக்கட்டும் என்று ரூ.8,000 வாடகையுள்ள அறையை எடுக்கிறீர்கள். ஐந்து நாள் சிகிச்சை. பில் வருமாறு:

அறை வாடகை: ரூ.40,000
மருத்துவர், செவிலியர், அறுவை அரங்குக் கட்டணங்கள்: ரூ.1,20,000
மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி: ரூ.1,30,000
காப்பீட்டில் சேராத கையுறை முதலிய பொருள்கள்: ரூ.10,000
மொத்தம்: ரூ.3,00,000

அறை வாடகையில் ரூ.25,000 மட்டுமே ஏற்கப்படும். வரம்பை மீறிய அறையை எடுத்ததால், மருத்துவர், அறுவை அரங்கு முதலிய கட்டணங்களும் அதே விகிதத்தில், எட்டுக்கு ஐந்து என்று, ரூ.75,000 ஆகக் குறைக்கப்படும். மருந்து, பரிசோதனை, கருவி ஆகியவற்றை இவ்வாறு குறைக்கக்கூடாது என்பது விதி; ஆகவே ரூ.1,30,000 முழுமையாக ஏற்கப்படும். கூட்டினால் ரூ.2,30,000. இதில் 20 விழுக்காடு உங்கள் பங்கு, ரூ.46,000. நிறுவனம் தருவது ரூ.1,84,000. உங்கள் கையிலிருந்து செல்வது ரூ.1,16,000.

ரூ.5,000 வாடகை அறையையே எடுத்திருந்து, மற்றக் கட்டணங்கள் மாறாமல் இருந்தால், நீங்கள் தர வேண்டியது ரூ.65,000. அறை வாடகையில் ஐந்து நாளுக்கு வித்தியாசம் ரூ.15,000 மட்டுமே, ஆனால் கூடுதலாகச் செலவானது ரூ.51,000. அனுமதி மேசையில் அறையைத் தேர்ந்தெடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் இது நிகழ்ந்துவிடுகிறது. உங்கள் பாலிசியின் அறை வரம்பைச் சொல்லி அறை கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நோய்வாரி உச்சவரம்புகளையும் பாருங்கள். எடுத்துக்காட்டாக, எல்லா நிறுவனங்களும் ஒரே விதிமுறையில் விற்க வேண்டும் என்று 2020-இல் கொண்டுவரப்பட்ட ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியில் கோ-பே 5 விழுக்காடுதான். ஆனால் கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு அல்லது ரூ.40,000, இவற்றுள் எது குறைவோ அதுவே உச்சவரம்பு. அம்மாவுக்குக் கண்புரை தொடங்கியிருப்பதாகக் கண் மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த வரியே உங்களுக்கு முக்கியமான வரி.

இவற்றையெல்லாம் சுருக்கமாகத் தரும் ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ ஒவ்வொரு பாலிசியுடனும் வர வேண்டும். கேட்டால் அதைத் தமிழிலும் பெறலாம். பெற்றோருக்கே படித்துக் காட்டுங்கள். பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், பிடிக்கவில்லையெனில் திருப்பித் தரும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

குடும்பத்துக்கு ஏற்ற ஏற்பாடு

பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே குடும்ப பாலிசியில் சேர்க்க வேண்டாம். அத்தகைய பாலிசியில் பிரீமியம் பொதுவாக மூத்தவரின் வயதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தந்தையின் ஒரு சிகிச்சையிலேயே தொகை தீர்ந்துபோனால், அந்த ஆண்டு பேரக்குழந்தைக்கு எதுவும் மிஞ்சாது. பெற்றோருக்குத் தனி பாலிசி. இயன்றால் இருவருக்கும் தனித்தனியே.

உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க இடமிருந்தால் தயங்காமல் சேருங்கள். அதில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருப்பதில்லை. ஆனால் வேலையை விட்ட நாளில் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஆகையால் அதை மட்டும் நம்பாமல், தனி பாலிசி ஒன்றையும் எடுத்து, அதன் காத்திருப்புக் காலம் முடியும்வரை அலுவலகக் காப்பீட்டைப் பாலமாகப் பயன்படுத்துங்கள்.

பெரிய தொகைக்கு பிரீமியம் கட்ட இயலாதவர்கள் ‘சூப்பர் டாப்-அப்’ பாலிசியைக் கருதலாம். ஓராண்டில் ஆகும் மொத்தச் செலவு, நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு வரம்பைக் கடந்தபின் அது உதவும். அந்த வரம்புக்கு உட்பட்ட செலவை அடிப்படை பாலிசியோ உங்கள் சேமிப்போ தாங்க வேண்டும்.

செலவைச் சற்றுக் குறைக்கும் மாற்றங்களும் வந்துள்ளன. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால், நிறுவனம் முதலில் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், அறுபது வயது நிறைந்த பெற்றோருக்குச் செலுத்தும் பிரீமியத்துக்கு ஆண்டுக்கு ரூ.50,000 வரை வருமானத்தில் கழிவு பெறலாம்.

எந்த பாலிசி எடுத்தாலும் சில செலவுகள் உங்களுடையவையே. மாதாந்திர மாத்திரைகள், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட், வீட்டில் பார்த்துக்கொள்ளும் உதவியாளரின் சம்பளம் ஆகியவை பொதுவாகக் காப்பீட்டில் வருவதில்லை. பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்வதும் அப்படியே. பக்கவாதத்துக்குப் பின் ஒரு முதியவருக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி, மருத்துவமனையை விட்டு வீட்டுக்குச் சென்ற பிறகே தொடங்குகிறது. அதற்கென மாதந்தோறும் சிறு தொகையாவது தனியே ஒதுக்குங்கள்.

பாலிசி கிடைக்காதவர்களுக்கு

சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் போன்ற காரணங்களால் தனியார் காப்பீடு மறுக்கப்பட்டவர்கள் மனம் தளர வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை சிகிச்சை பெறலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கான பதிவு மையம் உள்ளது. எழுபது வயது நிறைந்த அனைவருக்கும், வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ரூ.5 இலட்சம் வரை பாதுகாப்பு தரும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் பகுதியில் பதிவு செய்யும் முறையையும் அங்கேயே விசாரியுங்கள். அரசு ஓய்வூதியர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இவற்றைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அனுமதி நாளிலும் அதற்குப் பின்னும்

திட்டமிட்ட சிகிச்சை என்றால், இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே எங்கள் காப்பீட்டுப் பிரிவுக்கு வாருங்கள். அவசர அனுமதி என்றால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கையை நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு செய்ய வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் அங்கேயே படியுங்கள். பெயர், வயது, நோயின் ஆண்டுக் கணக்கு ஆகியவற்றில் பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சிகிச்சை ஏன் தேவைப்பட்டது என்று விளக்கும் கடிதம் வேண்டுமானால் நாங்கள் தருகிறோம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ரூ.50 இலட்சம் வரையுள்ள வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

பாலிசி எடுக்கும் முன் ஒரு சந்திப்பு

உங்கள் பெற்றோர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் அடுத்த முறை, பாலிசி எடுக்க எண்ணியிருப்பதாகச் சொல்லுங்கள். அவர்களுடைய நோய்கள், அவை கண்டறியப்பட்ட ஆண்டு, தற்போதைய மருந்துகள், வரும் சில ஆண்டுகளில் தேவைப்படக்கூடிய சிகிச்சைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தருகிறோம். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். பின்னொரு நாள் அவசரப் பிரிவில் உங்கள் அம்மா சொல்லப்போகும் பதிலும், இன்று நீங்கள் படிவத்தில் எழுதும் பதிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

அந்தப் பெரியவர் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். கடந்த முறை மகனும் உடன் வந்திருந்தார். அம்மாவுக்குப் புதிதாக பாலிசி எடுக்கப் போவதாகச் சொல்லி, அவருடைய மருந்துச் சீட்டுகளை ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். முதல் தாள், எட்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் என்று முதன்முதலாக எழுதப்பட்ட சீட்டு.